நாற்பத்தொன்றாவது செவ்வாய்

வசந்தாமணி ஆறு கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குச் சகோதரியாக நின்றவள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ வந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். சீர் செய்து வைக்கிற பெரியவர் சொல்வதையெல்லாம் இருவரும் சேர்ந்து செய்வார்கள். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நிற்பாள். எங்கள் பங்காளி வீடுகளில் இருந்த ஒரே பெண் வசந்தாமணி.

என் அப்பாவும் அவர் கூடப்பிறந்தவர்களுமாக நான்கு பேர். நான்கு வீட்டிலும் சேர்த்து நாங்கள் ஆறு பையன்கள், ஒரு பெண். பெண் பிள்ளைகள் பிறக்காமல் இல்லை. தங்கவில்லை. எங்கள் வீடுகளில் அந்த ஒரு சொல்தான் புழங்கியது. அதற்கு மேல் பெரியவர்கள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பெரியப்பா மகள் வசந்தாமணி எப்படியோ தங்கிவிட்டவள். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன். அந்த எண்ணில் என் வீடும் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். குட்டையான உருவம், வேகமான நடை. பேசும்போது எதிரில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். ஆறு பேரில் ஒருவன்தான் அவளுடைய சொந்த அண்ணன். ஆனால் ஆறு கல்யாணத்துக்கும் ஒரு வாரம் முன்னதாகவே வந்து அரிசி புடைப்பது முதல் எல்லா வேலையும் செய்தாள். "ஆறு பேருக்கு நாத்தனாரா இருக்கறது லேசுப்பட்ட வேலையா? ஒருத்திகிட்டச் சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்தவ வந்தர்றா" என்பாள். உண்மையில் யாரோடும் அவள் சண்டை போட்டதில்லை.

என் கல்யாணம் தொண்ணூற்றாறில், திருச்செங்கோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சீர் முடிந்து சேலையை விட வேண்டிய நேரத்தில் அவள் முனையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு பொறந்தா எம் பையனுக்குன்னு சொல்லு. அப்பத்தான் உடுவேன்" என்றாள். எல்லா இணைச்சீரிலும் யாராவது சொல்கிற கேலிதான் அது. அண்ணன் தம்பி பெண்ணின்மேல் அவளுக்கு இருக்கிற பாத்தியதையைச் சொல்லத்தான் அந்தச் சீரே என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். நான் "எடுத்துக்கக்கா" என்றேன். மண்டபத்தில் சிரித்தார்கள். அப்போது அவள் பையன் சிவக்குமாருக்கு ஆறு வயது.

எங்கள் அப்பாக்கள் பாகம் பிரித்தபோது ஒரே கிணற்றுக்கு நான்கு பேர் முறைவைத்து மோட்டார் போட்டார்கள். முறை தப்பிய அன்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் ஆறு பேரும் சொல்லிவைத்தது போல ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டோம். ஒன்று என்றால் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், காடும் தோட்டமும் துண்டாகாது. ஊரே அப்படித்தான் செய்தது. ஆறு பேருக்கும் ஆறு பிள்ளைகள். ஐந்து பையன்கள், ஒரு பெண். அந்த ஒரு பெண், இப்போது கோயமுத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் தனப்பிரியா.

வசந்தாமணியைத் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் தோட்டத்துக்காரர் சின்னராஜுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் ரிக் வண்டியில் மேனேஜர். போர்வெல் போடுகிற அந்த வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வருவது மழைக்காலத்தில்தான். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். சிவக்குமாருக்கு மூன்று வயதானபோது அவள் மறுபடி உண்டானாள். சின்னராஜ் நான்கு நாள் லீவில் வந்து அவளை ஈரோட்டுக்கு ஸ்கேன் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அவர் வண்டிக்குப் போய்விட்டார். மூன்று நாள் படுத்திருந்தாள். என் அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலையில் மாட்டுக்கு யாருமில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அப்போது நான் எம்.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் போல அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன்.

சின்னராஜ் பதின்மூன்று வருஷத்துக்கு முன் சத்தீஸ்கரில் இறந்தார். போர்வெல் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடல் ஊர் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. சிவக்குமார் அப்போது டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். அம்மா தனியாக இருக்கிறாள் என்று வேலையை விட்டுவிட்டு வந்தான். தோட்டத்தில் கறிக்கோழிக் கொட்டாய் போட்டான். கம்பெனி குஞ்சும் தீவனமும் இறக்கிவிடும். நாற்பது நாள் வளர்த்து ஏற்றிவிட வேண்டும். இரண்டு எருமை, ஒரு பசு, கிணற்றில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் மஞ்சளோ மரவள்ளியோ. உழைப்பாளி. குடிக்க மாட்டான். அவன் அம்மா பெண் தேட ஆரம்பித்தபோது அவனுக்கு வயது இருபத்தைந்து.

பெண் வீட்டில் கேட்ட கேள்விகள் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தன. மாசச் சம்பளமா? டவுனில் வீடு இருக்கிறதா? மாடு இருக்கிறதா? கோழிக் கொட்டாய் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? மாமியார் கூட இருப்பாரா? கேட்டவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மாக்கள் விடியும் முன் எழுந்து சாணி அள்ளி, கூலிக்காரர்களுக்குச் சோறாக்கி, பொழுது சாய்ந்தபின் தலையில் புல்லுக்கட்டோடு வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் பெண்ணுக்கு அது வேண்டாம் என்றார்கள். நானும் என் மனைவி ரஞ்சனியும் எங்கள் பெண்ணுக்கு அதையேதான் நினைத்தோம்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பி வந்து வசந்தாமணி எனக்குப் போன் செய்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "மாமியா இருக்குதான்னு கேட்டாங்க சாமி. நான் எதுருலயே உக்காந்திருக்கறேன். செத்துப்போயிட்டாள்னு சொல்லிப்போடறதா, என்ன சொல்றது?" ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். ஆனால் அவர்கள் பையனுக்கு மாற்றுப் பெண் வேண்டும் என்றார்கள். பெண் இருக்கிற வீட்டுக்குத்தான் பெண் என்றாகிவிட்டது. "எங்கூட்ல ஏதுங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. தரகர் ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெண் மேலே படிக்க வேண்டும் என்றாள். இன்னொரு வீட்டில் இவர்களுக்கு முன்னால் நாமக்கல்லிலிருந்தே மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். சிவக்குமாருக்கு முப்பது தாண்டியது. அவன் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

போன வருஷம் தை மாதம் அவள் சேலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு பையில் முருங்கைக்காயும் நாட்டுக்கோழி முட்டையும். முட்டை உடையாமல் இருக்கத் தவிட்டுக்குள் புதைத்து எடுத்து வந்திருந்தாள். ரஞ்சனி காப்பி போட உள்ளே போனாள். வசந்தாமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும் சாமி. கேட்டா நீ சங்கடப்படுவீன்னு ரெண்டு வருசமா கேக்காம இருந்தேன்."

"சொல்லுக்கா."

"பிரியாவ எங்கூட்டுக்குக் குடுக்கறயா?"

அவள் வேகமாகப் பேசினாள், மனப்பாடம் செய்து வந்ததைப் போல.

"அது காட்டு வேலைக்கெல்லாம் வர வேண்டாம். மாட்டை வித்துப்போடறேன். கொட்டாயைப் பூட்டிரச் சொல்றேன். அது கோயமுத்தூர்லயே வேலை பாக்கட்டும், இவனும் அங்க போயி ஏதாச்சும் ஒரு கம்பெனில சேந்துக்கட்டும். நான் இங்கயே கெடந்துக்கறேன். வான்னு நீங்க கூப்பிடற அன்னைக்குத்தான் அங்க வருவேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ரஞ்சனி காப்பியைக் கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று. ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. இல்லை என்று சொல்லாததையே பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

நான் ஜாதகம் பார்க்கவில்லை. தனப்பிரியாவிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அவளிடம் கேட்டால் அவள் சொல்கிற இல்லையை நான் அக்காவிடம் என் வாயால் சொல்ல வேண்டும். கொட்டாய், மாடு, படிப்பு, வயது என்று காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணங்களையெல்லாம் அவள் ஏற்கெனவே பத்து வருஷமாக வேற்று ஆட்களிடம் கேட்டுக் கேட்டுத் திரும்பியவள். என் வாயிலும் அதே வரக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எங்கள் சனத்தில் பெண்ணோ மாப்பிள்ளையோ வேண்டாம் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். கேட்பவரும் புரிந்துகொண்டு விட்டுவிடுவார். யார் மனமும் நோகாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன்.

"ஜோசியர் பாத்தாருக்கா. பிரியா ஜாதகத்துல நாகதோசம் இருக்குதாம். சிவக்குமாருக்குச் சேத்தா அவனுக்கு ஆகாதுன்னுட்டாரு."

சும்மா பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தால் அவளும் புரிந்துகொண்டிருப்பாள். நம்பும்படி இருக்கட்டும் என்று நான் ஒரு தோஷத்தைச் சேர்த்துச் சொன்னேன்.

"அட சாமி. அப்ப அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே தள்ளிப் போகுமே" என்றாள்.

தன் மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பரிகாரம் இருக்கும், நீ கவலைப்படாதே என்று எனக்குத் தைரியம் சொன்னாள். திருச்செங்கோட்டில் நல்ல ஜோசியர் இருக்கிறார், ஜாதகத்தை ஒரு போட்டோ எடுத்துச் சிவக்குமார் போனுக்கு அனுப்பு என்றாள். அனுப்பினேன். அவளைத் தட்டிக்கழிக்க அதுதான் எளிய வழியாக இருந்தது. அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ரஞ்சனியிடம் சொன்னேன். அவள் "நல்லவேளை" என்றாள்.

அதன்பின் பத்து மாதம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மறந்தும் போனேன். தனப்பிரியாவுக்கு வேறு இடங்களில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை சிவக்குமாரிடமிருந்து போன் வந்தது. அம்மா திருச்செங்கோட்டு மலைப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்றான். ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து பிளேட் வைத்தார்கள். மறுநாள் நான் போனபோது கண் திறந்திருந்தாள். இந்த முழங்கால் வலியோடு மழை நாளில் எதற்குப் படியேறினாய் என்று கோபித்துக்கொண்டேன்.

அவள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். கையில் பலம் இல்லை.

"பிரியாவுக்குத்தான் சாமி. சிவக்குமாரு ஜோசியர்கிட்டக் கேட்டுட்டு வந்தான். நாப்பத்தெட்டு செவ்வாக்கெழம நாகருக்கு மஞ்சப் பூசுனா தோசம் கழிஞ்சிருமாம். நேத்தோட நாப்பத்தொண்ணு."

மலையேறும் வழியில் நாகர்பள்ளம் என்று ஓர் இடம் இருக்கிறது. பாறையிலேயே ஐந்து தலையோடு நீளமாக ஒரு பாம்பைச் செதுக்கியிருப்பார்கள். கல்யாணம் ஆகாதவர்களின் வீட்டுப் பெண்கள் அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் பூசுவார்கள். அங்கேதான் அவள் மாசி மாதத்திலிருந்து வாராவாரம் போயிருக்கிறாள். நான் இட்டுக்கட்டிய தோஷத்தை ஒரு ஜோசியர் எப்படி உண்மை என்று சொன்னார் என்று ஒரு நொடி தோன்றியது. அவர்கள் எதையும் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

"இன்னும் ஏழு வாரந்தான். உடக்கூடாது. நீ எனக்காகப் போயி முடிச்சுரு" என்றாள். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "தோசம் போயிருச்சுன்னா மறுக்கா ஒருக்கப் பாக்கச் சொல்லலாமில்ல?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து போனாள். சரிக்கா என்று சொன்னேன்.

பத்தாம் நாள் அவளைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற இரும்புக் கட்டில் ஒன்றைத் திருச்செங்கோட்டில் வாடகைக்கு எடுத்து முன்னறையில் போட்டிருந்தான் சிவக்குமார். இரண்டு மாதம் எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏஜென்சி மூலம் அழைத்து வந்தான். கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு இல்லை, கோழி நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று சொல்லி நான்காம் நாளே அவள் போய்விட்டாள். காலையில் சாணி அள்ள வருகிற அம்மாள் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போவாள். மீதி நேரமெல்லாம் சிவக்குமார்தான்.

முப்பத்து நான்கு வயது மகன் தன் அம்மாவுக்குப் படுக்கையில் தட்டு வைத்து எடுத்தான், கழுவினான், சேலை மாற்றினான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழம் வாங்கிக்கொண்டு போவேன். ரஞ்சனி இரண்டு முறை கூட வந்தாள். சேலத்துக்கு வந்துவிடு என்று நான் ஒருமுறை கூப்பிட்டேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை, ரஞ்சனி பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். அவள் வரமாட்டாள் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். குஞ்சு இறங்கியிருக்கிறது, பையன் தனியாக என்ன செய்வான் என்று சொல்லிவிட்டாள்.

மலைக்குப் போவதாக ஒப்புக்கொண்ட முதல் செவ்வாய் எனக்குத் தேர்வு மேற்பார்வை இருந்தது. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டபோது போனேன் என்றேன். இரண்டாவது செவ்வாய் வேலை ஒன்றுமில்லை, அன்றும் போகவில்லை. மூன்றாவது வாரம் அவள் கேட்பதற்கு முன்பே "மூணு ஆச்சுக்கா" என்றேன். இல்லாத தோஷத்துக்கு மஞ்சள் பூச எனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மையா, வெறும் சோம்பலா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை. சிவக்குமார் டம்ளரில் வைத்துவிட்டுப் போகிற தண்ணீரைக் கைக்கு எட்டும் ஜன்னல் வழியாக வெளியே ஊற்றியிருக்கிறாள். சோறும் இரண்டு வாய்தான். ஒருநாள் சிவக்குமார் கொட்டாய்க்குப் போயிருந்தபோது அவளுடைய உதடு வெடித்திருந்ததைப் பார்த்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"குடிச்சா அவனைக் கூப்பிடோணும்" என்றாள். "பொம்பளப் புள்ளையா இருந்தா வாயத் தொறந்து கூப்பிட்டிருப்பேன்."

டம்ளரைத் திரும்ப ஜன்னலோரம் வைத்தேன்.

"அது இருந்திருந்தா இப்ப முப்பத்தொண்ணு. அதைக் குடுத்து இவனுக்கு ஒண்ணு எடுத்திருக்கலாம். உனக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்காது."

அப்படிச் சொல்லக்கூடாது என்றோ, வேறு எதுவோ சொன்னேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று சிவக்குமாரிடம் சொன்னேன். அவன் அன்று இரவே வண்டி வைத்துக் கூட்டிப்போயிருக்கிறான். ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அப்படியே.

தை கடைசியில் ஏழு வாரமும் முடிந்ததாகச் சொன்னேன். அவளுக்கு அன்று முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இனி ஜோசியரைப் பார்க்கச் சொல் என்றாள். அவர் ஊரில் இல்லை, வந்ததும் பார்க்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். வியாழக்கிழமை போன் செய்து, "வந்துட்டாரா?" என்று கேட்டாள். குரல் காற்று மாதிரி இருந்தது. திங்கட்கிழமை வருகிறாராம் என்றேன். சனிக்கிழமை அவளுக்கு நினைவு தப்பியது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன, தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாசி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை இறந்தாள். வயது அறுபது முடியவில்லை.

ஆறு சகோதரர்களும் வந்திருந்தோம். எங்கள் பிள்ளைகளான ஐந்து பையன்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள், மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தனப்பிரியாவும் வந்து அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் இருந்தேன். வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுக்கச் சிவக்குமார் ஒரு டெம்போ கொண்டுவந்திருந்தான். கட்டிலின் தலைமாட்டை அவன் பிடித்தான், கால்மாட்டை நான் பிடித்தேன். வாசலைத் தாண்டும்போது சொன்னேன்.

"பிரியா ஜாதகத்துல தோசம்னு சொன்னேனில்ல."

"தெரியுங் மாமா" என்றான். "இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

கட்டிலை வண்டியில் ஏற்றினோம். அவன் கயிற்றை எடுத்துக் காலோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தான். முடிச்சைப் பார்த்தபடியே பேசினான். நான் அனுப்பிய ஜாதகத்தை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டு ஜோசியரிடம் அவன் போயிருக்கிறான். தோஷம் எதுவும் இல்லை, ஆறு பொருத்தம் இருக்கிறது, தாராளமாகச் செய்யலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாளாம், பரிகாரம் என்ன சொன்னார் என்று கேட்க.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு சொன்னா அதோட உங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. அவளுக்குன்னு போக்குவரத்துக்கு வேற யாரு இருக்கறா? அதனால நாப்பத்தெட்டு வாரம் நாகருக்கு மஞ்சப் பூசச் சொன்னாங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அந்தக் காலை வெச்சுட்டு நாலு வாரத்துக்கு மேல போக மாட்டாள்னு நெனச்சேன்."

அவன் கயிற்றை இழுத்து இறுக்கினான்.

"செவ்வாக்கெழமைன்னா விடியறதுக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திட்டு நிப்பா. நாந்தான் வண்டில கூட்டிட்டுப் போயி அடிவாரத்துல எறக்கி உடுவேன். பொய்யின்னு தெரிஞ்சே உட்டேனுங். வார வாரம் சொல்லிரலாம்னுதான் போவேன்."

டெம்போவின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"பிரியாகிட்டக் கேட்டீங்களா மாமா?"

"இல்ல."

"கேட்டிருக்கலாமுங். வேண்டாம்னுதான் சொல்லியிருக்கும். எனக்கும் அது தெரியும். வேண்டாம்னு சொல்லுச்சும்மான்னு நானே சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் படுத்திருப்பா. அப்பறம் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பா."

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தான். சிவக்குமார் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். தரகர்களிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், நாளைக்குக் குஞ்சு இறங்குகிறது என்றும் சொன்னான். பேருந்து நிறுத்தம் வரைக்கும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டான்.

அந்த வாரக் கடைசியில் தனப்பிரியா கோயமுத்தூரிலிருந்து போன் செய்தாள். வழக்கமாகப் பேசுவதைப் பேசிவிட்டு, அத்தை அந்த முழங்காலோடு எதற்கு வாராவாரம் மலையேறினார்கள் என்று கேட்டாள். எழவு வீட்டில் யாரோ பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. ரஞ்சனி என்னைப் பார்த்தாள்.

சிவக்குமாருக்குப் பெண் அமைய வேண்டும் என்றுதான் என்று நான் சொன்னேன்.

"பாவம்ப்பா" என்றாள் என் மகள். "அவருக்கு நீங்களாச்சும் ஒரு பொண்ணு பாத்துக் குடுங்கப்பா."

பார்க்கிறேன் என்றேன்.